குடுமியைப் பிடித்த குற்றம்

தறிக்குழிக்குள் கால் அடங்காததால்தான் சேக் தாவூது போலீஸில் சேர்ந்தார். வடகரையில் அவர் வீட்டில் எல்லாருக்கும் நெசவுதான் தொழில். அப்பாவும் அண்ணன்மாரும் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் மிதி சொன்னபடி கேட்கும். தாவூது உட்கார்ந்தால் முழங்கால் தறியில் விரித்த பாவில் இடிக்கும், இழை அறுந்துபோகும். "ஒண்ணு இவன் காலை வெட்டணும், இல்லே தறியை உடைக்கணும்" என்று அப்பா சொல்லிவிட்டார். பாளையங்கோட்டையில் போலீஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போய் நின்றார். உயரத்தை அளக்க வந்த ஏட்டு அண்ணாந்து பார்த்துவிட்டு வேறெதையும் அளக்கவில்லை.

உயரம் வேலை வாங்கிக் கொடுத்தது. அதற்குமேல் உதவவில்லை. அவருக்கு அதட்ட வராது. தென்காசி ஸ்டேஷனுக்குத் திருடனைக் கூட்டி வந்தால் முதலில் "சாப்பிட்டியா" என்று கேட்பார். இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொள்வார். கையில் ஏட்டுப் பட்டை ஏறாமலே வருஷங்கள் போயின. ஆனாலும் கடைத்தெருவில் எல்லாரும் அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

அவருக்கென்று இருந்தது அருவி டூட்டி. ஆனி பிறந்து சாரல் விழுந்தால் குற்றாலத்துக்குப் போலீஸ் வேண்டும். மற்றவர்கள் அந்த டூட்டி என்றால் ஒளிவார்கள். நாள் முழுக்க நனைய வேண்டும், விரலிடுக்கு வெந்துபோகும், சட்டை காயவே காயாது. தாவூது கேட்டு வாங்கிக்கொண்டு போவார். பெரிய அருவியில் ஆண்கள் பக்கம் நின்று, நேரமாகியும் நகராதவர்களை வெளியே அழைப்பது வேலை. விசிலை அபூர்வமாகத்தான் எடுப்பார். "மாமா, மத்தவங்களும் குளிக்கணும்லா? மலை மொத்தத்தையும் நீங்களே கரைச்சுட்டுப் போயிருவியளோ?" என்பார். ஆள் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிடும். அதட்டத் தெரியாத போலீஸ்காரருக்கு உலகத்தில் ஓர் இடம் இருந்ததென்றால் அது அங்கேதான்.

ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஆடியில் அந்த இடத்துக்கும் ஆபத்து வந்தது.

அன்று மத்தியானம் மலைமேல் நல்ல மழை. அருவி தடித்தது. விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றினார்கள். சுந்தரபாண்டியபுரத்துச் சங்கரபாண்டி மட்டும் உள்மூலையில் நின்றார். நிலபுலன் உள்ளவர், ஊர் வழக்குகளைப் பேசித் தீர்க்கிறவர், பழைய வழக்கப்படி குடுமி வைத்திருந்தவர். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் பலவேசத்திடம் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு வந்து, கண்ணை மூடி நின்றார். விசில் அவர் காதில் விழவில்லை. தண்ணீர் அவரைப் பாறையிலிருந்து அப்படியே எடுத்து ஓடைப் பக்கம் தள்ளியது.

தாவூது பாய்ந்து கையைப் பிடித்தார். எண்ணெய்க் கை விரால் மாதிரி நழுவியது. இடுப்புத் துண்டைப் பிடித்தார். துண்டு அவர் கையோடு வந்துவிட்டது, சங்கரபாண்டி துண்டில்லாமல் போய்க்கொண்டிருந்தார். மிஞ்சியது குடுமி. அது நின்றது.

மேலே இழுத்துப் போட்டதும் தாவூது தன் மழைக்கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தினார். சாரல் புகைந்ததில் யாருக்கும் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பலவேசத்துக்கு மட்டும் தெரிந்தது. சங்கரபாண்டி எழுந்து, துண்டைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

எட்ட நின்ற அவருடைய மைத்துனர் ஒன்றை மட்டும் பார்த்திருந்தார். போலீஸ்காரன் அத்தானைக் குடுமியைப் பிடித்து இழுத்தான். அவர் வாய்வழியாக அது ஊருக்குப் போயிற்று. டீக்கடையில் "குத்தாலத்துல என்னத்தைக் களவாண்டாராம்?" என்று கேட்டார்கள். வழக்குத் தீர்க்க அவரைத் தேடி வருவது நின்றது. சங்கரபாண்டிக்கு வேறு வழி தெரியவில்லை. தான் திருடவில்லை என்று ஊருக்குக் காட்ட வேண்டுமானால், தப்பு போலீஸ்காரன்மேல் என்று மேலிடம் சொல்ல வேண்டும். ஒழுங்காகக் குளித்துக்கொண்டிருந்த தன்னைக் காரணமில்லாமல் குடுமியைப் பிடித்து இழுத்து அவமானப்படுத்தியதாக எழுதிப் போட்டார். வழுக்கியதை எழுதவில்லை. துண்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

புகார் போன இடம் புதியது. போலீஸ்காரர்கள்மேல் ஜனங்கள் சொல்லும் குறைகளை விசாரிக்க சர்க்கார் ஒரு குழு போட்டிருந்தது. ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஒருவர், போலீஸ் மேலதிகாரி ஒருவர், நர்ஸாக இருந்து பொதுச்சேவைக்கு வந்த அம்மாள் ஒருவர். ராஜ்யம் முழுக்கச் சுற்றி விசாரிப்பார்கள். திருநெல்வேலி ஜில்லாப் புகார்களையெல்லாம் குற்றாலத்தில் வைத்து, அதுவும் சீசன் முடிவதற்குள் விசாரிப்பது என்று தீர்மானித்திருந்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்த்த ரைட்டர் மந்திரமூர்த்தி, தாவூதைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஓய் தாவூது, நல்லாக் கேளும். ஆளு வழுக்கினான், காப்பாத்தினேன்னு சொன்னா நம்புவாங்க. சிக்கல் அது இல்லே. போன சீசன்ல போட்ட உத்தரவு இருக்கு. அருவியில ஆளைப் பிடிச்சா இடுப்புத் துண்டைத்தான் பிடிக்கணும், தலைமுடியைத் தொடப்படாது. நீரு எதுக்கு முடியைப் பிடிச்சீருன்னு கேப்பாங்க. சரியான பதில் இல்லேன்னா வேலை போயிரும்."

"சரி."

"என்னவே சரி? பலவேசம் என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டான். துண்டு கையோட வந்துட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லும். முடிஞ்சுபோகும்."

"அத்தனை பேரு முன்னாலயா?"

"பின்னே, காதுக்குள்ளயா?"

"அந்தம்மா வேற இருக்காங்களே."

"அவங்க துண்டையே பாத்ததில்லையாக்கும்?"

"டைப் அடிப்பாங்களோ?"

"அடிக்காம? மெட்ராஸுக்குப் போகும்."

தாவூது யோசித்தார். "அப்போ அந்த மனுசன் ஊருக்கு எப்படித் திரும்பிப் போவாரு?"

மந்திரமூர்த்திக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் உம்ம சோத்துல மண்ணள்ளிப் போட வந்திருக்கான். அவன் மானத்துக்கு நீரு காவலா?"

"ஏற்கெனவே ஊர்ல களவாணிங்கிறாங்க. இதுவும் சேந்தா நல்லாருக்காது, அண்ணாச்சி."

வீட்டில் ஹைருன் பீவியிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை. விசாரணை நாள் காலையில், ஈரம் போகாத காக்கிச் சட்டையை அடுப்புக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"எங்கிட்டயாவது சொல்லுங்களேன். என்னதான் நடந்துச்சு?"

"குடுமியைப் பிடிச்சேன்."

"அதைத்தான் ஊரே சொல்லுதே. எதுக்குப் பிடிச்சீங்க?"

"கையில அதுதான் அம்புட்டுது."

"வேலை போச்சுன்னா நீங்க தறிக்கும் ஆக மாட்டீங்க, வயலுக்கும் ஆக மாட்டீங்க. பள்ளிவாசலுக்கு முன்னால கொடிமரமா நிக்க வேண்டியதுதான்" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். சட்டையைக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

விசாரணை குற்றாலத்துப் பயணியர் பங்களாவில் நடந்தது. ஜன்னலைச் சாத்தினாலும் அருவிச் சத்தம் கேட்டது. குழுவினர் மூவரும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். ஜட்ஜ் காதில் பஞ்சு வைத்திருந்தார். குற்றம் சாட்டப்பட்டவன் தொப்பியும் பெல்ட்டும் இல்லாமல் நிற்பது இலாகா வழக்கம். தாவூது அப்படி நின்றார். சட்டையில் அடுப்புப் புகை வாசனை அடித்தது.

சங்கரபாண்டி தன் புகாரை ஒப்பித்தார். வழுக்கவில்லை, ஓடைக்குப் போகவில்லை, சும்மா குளித்துக்கொண்டிருந்தேன் என்றார்.

ஜட்ஜ் தாவூதிடம் திரும்பினார். "அவர் வழுக்கினதா நீங்க சொல்றீங்க. அப்படியே வச்சுக்குவோம். கையைப் பிடிச்சிருக்கலாமே?"

"பிடிச்சேன் ஐயா. எண்ணெய். நிக்கலே."

"துண்டைப் பிடிக்கணும்னு உத்தரவு இருக்கு, தெரியுமா?"

"தெரியும் ஐயா."

"துண்டைப் பிடிச்சீங்களா?"

"இல்லே ஐயா."

"ஏன்?"

"தோணலே."

"துண்டு இடுப்பிலே இருந்ததா?"

"இருந்துச்சு ஐயா."

"கடைசி வரைக்கும்?"

"நல்லா இறுக்கிக் கட்டியிருந்தாரு ஐயா. முடிச்சுப் போட்டு."

வாசலில் நின்ற மந்திரமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார்.

போலீஸ் அதிகாரி சாய்ந்து உட்கார்ந்தார். "அப்போ பிடிக்கத் துண்டு இருந்தும் முடியைப் பிடிச்சிருக்கீர். உத்தரவை மீறினதை ஒத்துக்கிடுதீரா?"

"ஆமா ஐயா."

"இனிமே கேக்க என்ன இருக்கு? இவரைச் சர்வீஸ்ல வைக்க முடியாது" என்று அவர் ஜட்ஜிடம் சொன்னார். ஜட்ஜ் பேனாவை எடுத்தார். டைப் அடிக்கிறவர் புதுத் தாளைச் செருகினார்.

சங்கரபாண்டி ஜெயித்துவிட்டார். ஊருக்குக் கொண்டுபோக வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் அவர் முகம் வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. துண்டு விஷயம் இன்றைக்கு வெளியே வரும், வந்தால் அடித்துப் பேசிவிடலாம் என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவர். அதற்கு வேலையே வரவில்லை. இறுக்கிக் கட்டியிருந்தாராம். முடிச்சும் போட்டிருந்தாராம்.

எழுந்துவிட்டார். "எசமான், அவன் பொய் சொல்லுதான்."

"எது பொய்?"

"துண்டு."

"துண்டுக்கு என்ன?"

"முடிச்சும் இல்லே, மண்ணும் இல்லே. அவன் பிடிச்சான். கையோட போயிட்டு." அம்மாள் பக்கம் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். "நான் பிறந்தமேனிக்குத் தண்ணியில போயிக்கிட்டு இருந்தேன். பிடிக்க வேற ஒண்ணும் இல்லே. குடுமியைப் பிடிச்சான். பிடிக்கலேன்னா எனக்குப் பதினாறாம் நாளும் கழிஞ்சிருக்கும்."

"அப்போ உங்க புகார்?"

"வலிச்சது நிசந்தான எசமான்?"

யாரோ சிரித்து அடக்கினார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. "இதை முதல்லயே ஏன் சொல்லலே?"

"இந்தப் பய சொல்லுவான், இல்லேன்னு சாதிச்சுறலாம்னு வந்தேன். இவன் எனக்காகப் பொய் சொல்லுதான். அன்னிக்கு உசுரு, இன்னிக்கு மானம். ஒரு போலீஸ்காரன் தயவுல நான் ரெண்டு தடவை பிழைக்க முடியாது எசமான். ஊர்ல என்ன வேணும்னாலும் பேசிக்கிடட்டும்."

உட்கார்ந்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

டைப் அடிக்கிறவர் விரல்கள் வேகமாக ஓடிக்கொண்டிருந்தன. அம்மாள் கையை நீட்டித் தடுத்தார். "துண்டு நழுவியதால் என்று மட்டும் அடியுங்க. மத்தது வேண்டாம்." பிறகு தாவூதைப் பார்த்தார். "இதைச் சொல்ல உங்களுக்கு என்ன?"

"நீங்க இருந்தீங்கம்மா."

"நான் இருபது வருஷம் ஆண்கள் வார்டுல நர்ஸு" என்றார் அம்மாள்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. சங்கரபாண்டி குடையை விரித்துக்கொண்டு முன்னால் போனவர் நின்றார். தாவூது பெல்ட்டை மாட்டிக்கொண்டே பின்னால் வந்தார்.

"ஓய் போலீஸ்காரரே, இறுக்கிக் கட்டியிருந்தாராம்லா! அவ்வளவு பொய் எதுக்குவே?"

"கேட்டாங்க, சொன்னேன் அண்ணாச்சி."

"பொய் சொல்லத் தெரியலேன்னா வாயை மூடிக்கிட்டு நிக்கணும்."

"அடுத்த தடவை கொஞ்சம் எண்ணெய் கம்மியாத் தேய்ச்சுக்கிடுங்க."

சங்கரபாண்டி சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். "அந்தப் பலவேசத்துக்கிட்டச் சொல்லி வையும். வெளிய வாயைத் திறக்கப்படாதுன்னு."

"இனிமே எதுக்கு அண்ணாச்சி?"

"ஆமா, இனிமே எதுக்கு" என்றார். குடைக்குள் இடமிருந்தும் கூப்பிடவில்லை. ஆனால் தாவூது பக்கத்தில் வந்து நடக்கும்வரை மெதுவாகத்தான் போனார்.

உத்தரவு புரட்டாசியில், அருவி இளைத்துப் பாறை தெரிந்த பிறகு வந்தது. மந்திரமூர்த்தி உரக்க வாசித்தார். முரட்டுத்தனமாக நடந்துகொண்ட குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் விசாரணைக் குழுவின் முன் உண்மைக்கு மாறான வாக்குமூலம் கொடுத்ததற்காக மேற்படியார் எச்சரிக்கப்படுகிறார்.

"வேலை?" என்றார் தாவூது.

"இருக்கு."

"அருவி?"

"அதுவும் இருக்கு. உம்மை விட்டா அந்த நனைச்சலுக்கு எவன்வே போவான்?"

"எச்சரிக்கை?"

"அது நீரு ரிட்டயர் ஆகுத வரைக்கும் உம்ம கூடவே வரும்."

தாவூது வீட்டுக்கு வந்து ஹைருன் பீவியிடம் முழுவதையும் சொன்னார். துண்டையும் சொன்னார். அவள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொத்த முடியாமல் சுவரோடு சரிந்து உட்கார்ந்து சிரித்தாள். "சிரிக்காதே, பெரிய மனுசரு" என்று அவர் சொல்லச் சொல்ல இன்னும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

அங்கே பக்கத்து வீட்டு சைதூன் பீவி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். "என்ன ஆச்சு, உத்தரவு வந்துட்டாம்லா?" என்றாள்.

"வந்துட்டு. எங்க வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லத் தெரியலையாம். மெட்ராஸ்லேருந்து எழுதி அனுப்பியிருக்காங்க."

சைதூன் பீவி வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். "இதைக் கண்டுபிடிக்கவா மூணு பேரு ரயிலேறி வந்தாங்க? என்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."