கண்ணை மூடியதும் விழுந்த கோவிந்தசாமி

நான் செய்யச் சொன்னது இவ்வளவுதான்: இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து நில்லுங்கள், கண்ணை மூடுங்கள். கண் திறந்திருந்தவரை லேசான ஆட்டம்தான். மூடிய மறுநொடி கோவிந்தசாமி அப்படியே சாய்ந்தார். கையை நீட்டித் தடுத்துக்கொள்ளக்கூட இல்லை. தாங்கிப் பிடிக்கவென்றே பக்கத்தில் நின்றிருந்தேன். இருந்தும் இருவரும் சேர்ந்து சுவரில் மோதினோம். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றில் பிசியோதெரபிஸ்டாக நான் சேர்ந்த புதிது. இந்தச் சோதனையை ரோம்பர்க் டெஸ்ட் என்று படித்திருந்தேன். ஒரு மனிதர் இப்படி விழுவார் என்று நினைத்ததே இல்லை.

கூட்டிவந்த மகன் செல்வராசு நகரவே இல்லை. "பாத்தீங்களாம்மா? காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்திருக்காரு."

முகத்துக்கு முகம் அவ்வளவு நெருக்கத்தில் பிடித்திருக்கிறேன். சாராய வாடை கொஞ்சமும் இல்லை.

அவர்கள் நன்னிலம் பக்கம் குத்தகை விவசாயிகள். ஊருக்கு ஊர் நில வழக்கு நடந்த காலம் அது. கோவிந்தசாமி குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறார், வயலில் இறங்குவதே இல்லை, அதனால் நிலத்தை விடவேண்டும் என்று நிலக்காரர் வழக்குப் போட்டிருந்தார்.

"நான் தொட்டதே இல்லம்மா" என்றார் கோவிந்தசாமி.

"எப்பல்லாம் விழுறீங்க ஐயா?"

"மூஞ்சி கழுவும்போது. பொழுது சாஞ்சு வரப்புல வரும்போது. காலு தரையில இருக்கா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது."

அவரைப் படுக்கவைத்து, டியூனிங் ஃபோர்க்கைத் தட்டினேன். தட்டினால் அதிரும் இரும்புக் கவை அது. அதன் அடியைக் கணுக்கால் எலும்பில் அழுத்தினேன்.

"அதிர்றது தெரியுதாங்க?"

கூரையைப் பார்த்தபடியே, "வைங்கம்மா, சொல்றேன்" என்றார்.

அது எலும்பின் மேல் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. செல்வராசு கவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி தட்டி முழங்காலில் வைத்தேன். "இன்னும் வைக்கலையா?" என்றார் பெரியவர். இடுப்பெலும்புக்கு வந்த பிறகுதான், "ஆங், இப்ப வச்சீங்க" என்றார்.

இடுப்புக்குக் கீழே தன் உடம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல், கண்ணை மட்டும் நம்பி இந்த மனிதர் வரப்பில் நடந்திருக்கிறார்!

நரம்பியல் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் நாக்கை நீட்டச் சொன்னார். தோலுரித்ததுபோல் சிவந்து வழவழவென்றிருந்தது. சட்டையை விலக்கினால் வயிற்றில் நீளத் தழும்பு. பல வருஷங்களுக்கு முன் அல்சருக்காக இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்திருந்தார்கள்.

"இரைப்பைய எடுத்துட்டா பி-டுவெல்வ் சத்து உடம்புல ஏறாது. அதுல தண்டுவடம் கெட்டுப்போச்சு. ஊசி போடுவோம், ஓரளவு திரும்பும்" என்ற டாக்டர், அவர் நெற்றியில் இருந்த புதுத் தையலைத் தொட்டார். "இது எங்க விழுந்தது?"

செல்வராசு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் தள்ளுனேன் சார். விசாரணைக்குப் போன எடத்துல, தாலுகா ஆபீஸ் வாசல்ல விழுந்தாரு. எதிராளுங்க சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்து... நிலைப்படியில தள்ளிட்டேன்."

"விடுப்பா" என்றார் தகப்பன். "எனக்கே சந்தேகம் வந்துபோச்சு. தூக்கத்துல யாரும் வாயில ஊத்திட்டுப் போறாங்களோன்னு."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊசி போட ஆரம்பித்தோம். அப்பாவை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து ஸ்டேஷன்வரை வந்து, ரயிலேற்றி, தவறாமல் கூட்டிவந்தார் செல்வராசு. கண்ணாடி முன்னால் நிற்கவும், பிறகு கண்ணாடி இல்லாமல் நிற்கவும் பழக்கினேன். சில மாதங்களில் கண்ணை மூடி, ஆடி ஆடி, விழாமல் நின்றார். கால்விரல் நுனிகளில் உணர்ச்சி கடைசிவரை திரும்பவில்லை. வழக்கில் டாக்டரே போய்ச் சாட்சி சொன்னார். நிலம் அவர்களிடமே நின்றது.

அந்த ஊரில் நிலக்காரர், குத்தகைக்காரர் என்று இரண்டு தரப்பும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத பகை. ஆனாலும் கோவிந்தசாமி குடிகாரர் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை. கிட்டே போய் ஒருவர்கூட மோந்து பார்க்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பகீரென்கிறது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: ஒருவர் ஏன் விழுகிறார் என்று கூட வந்தவரிடம் கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதை நம்புவதற்கு முன் விழுகிறவரை நிற்கவைத்துப் பாருங்கள். பிடித்துக்கொள்ளும் தூரத்தில் நீங்கள் நில்லுங்கள்.