ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு

லோத்குண்டாவில் நான் தோட்டவேலை பார்க்கும் பங்களாவில் புல் வெட்டும் குட்டி டிராக்டர் ஒன்று உண்டு. ரொம்பப் பழசு. இருமல்கூட என்னுடையதைப் போலத்தான். அதன் வயரெல்லாம் கருகிப்போன அன்று வீட்டுக்காரம்மா, "இன்னைக்கு ஓடலன்னா காயலான் கடைதான்" என்றார். அது போனால் என் வேலையும் போகும்.

நாச்சாரத்திலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். மற்றவர்கள் பீடி செருகும் காதில் அவர் டெஸ்டர் செருகியிருந்தார். கருகியதை எல்லாம் உருவிப் போட்டுவிட்டு, வயர் படம் போட்ட தாளை என்னிடம் நீட்டினார்.

"எது எங்க போவுதுன்னு படிங்க பெரியவரே."

"கண்ணாடி வீட்ல இருக்குப்பா."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நக்கோ, வேணாம். காகிதம் கைக்கு, எதுக்கு?" என்று பாதி உருதுவில் சொல்லி அதை மடித்து வைத்தார்.

புது வயர் எல்லாம் ஒரே கறுப்பு. ஒவ்வொன்றின் நுனியிலும், அது போய்ச் சேரும் இடத்திலும் நூல் கட்டி முடிச்சுப் போட்டார்.

"என்னப்பா, வயருக்கு வளைகாப்பா?"

"செல்ஃப் ஸ்டார்ட்டருக்கு ஒரு முடிச்சு, டைனமோவுக்கு ரெண்டு. கழண்டா நீங்களே எண்ணி மாட்டிக்குங்க. என்னைத் தேடி நாச்சாரம் வராதீங்க."

சாவியைத் திருப்பினேன். வண்டி இருமிவிட்டுக் கிளம்பியது.

போன மழையில் ஒரு வயர் கழன்றது. இரண்டு முடிச்சு. நானே மாட்டினேன். படிக்கத் தெரியாதென்று அவரிடம் நான் சொல்லவே இல்லை.

முள் எடுப்பதற்கென்று ஒரு கண்ணாடி வைத்திருக்கிறேன். எலக்ட்ரீஷியன் வந்துபோன அன்று வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். பையிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.