பேஸ் இல்லாத ரெகே

விம்பிள்டனில் ஒரு சிறிய மண்டபம். முதிய ரெகே இசைப் பாடகர் ஒருவர் ஒற்றைக் கிட்டாரோடு வந்து உட்கார்ந்தார். டிரம்ஸும் இல்லை, அடித்தொனி போடும் பேஸ் கிட்டாரும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெஞ்சு அதிரும் அந்த பேஸ் இல்லாமல் என்ன ரெகே?

“பேஸ் எங்கே?” என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டேன்.

“இஞ்சேருங்கோ, கத்தாதேங்கோ. சனம் பாக்குது,” என்று மனைவி கையைப் பிடித்து இழுத்தாள்.

பாடகர் சிரிக்கவில்லை. “உனக்குத் தெரியும்தானே, நீயே வாயால் போடு. ஆனால் என் சொற்களை மூடாதே,” என்றார்.

வீம்புக்கு “டும், டும்” என்று தொடங்கினேன். அவர் குரல் கேட்க வேண்டுமென்று சத்தத்தை அடக்கினேன். இளமையிலிருந்து நான் ஆடிய பாட்டுத்தான். தன் வீட்டைக் கொளுத்தியவர்களை அவர் அதில் ஏசுகிறார் என்பது அன்றுதான் காதில் விழுந்தது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டையும் கொளுத்தினார்கள். அவர்களை ஒருநாளும் வாய்விட்டு ஏசாமல், இத்தனை வருடமும் நான் ஆடியிருக்கிறேன்.