சூளைக்குள் சுரண்டும் சத்தம்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? எனக்கு நடந்தது பட்டப்பகலில். நம்பாதவர்கள் நேரில் வாருங்கள், மோதிரத்தையே காட்டச் சொல்கிறேன்.

என் கணவருடைய அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டின் பின்னறையில் இரண்டு பேரும் வெள்ளி நகை செய்தோம். அக்கா மெழுகில் நகையைச் செதுக்குவார். நான் அதை இரும்புக் குழாய்க்குள் நிறுத்தி, பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் கரண்ட் சூளையில் வைப்பேன். ராத்திரி முழுக்க வெந்தால் மெழுகு எரிந்துபோய், நகையின் வடிவத்தில் வெறும் பள்ளம் மட்டும் நிற்கும். அதில் உருக்கிய வெள்ளியை ஊற்ற வேண்டும். பல வருஷம் அந்த வருமானத்தில்தான் வீடே சாப்பிட்டது.

பக்கவாதம் வந்து அக்காவின் வலது கை விழுந்தது. "படுத்துக் கிடக்கிறவளை இங்க யார் பாக்கிறது?" என்றார் அக்கா புருஷன். அக்காவுடைய அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கறிவேப்பிலை கதைதான். எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

தன் மகள் கல்யாணத்துக்கென்று அக்கா ஆரம்பித்த மெழுகு மோதிரம் பாதியில் நின்றது. ஒரு பக்கம் கொடியும் இலையும். மறுபக்கம் மொட்டை.

"கடையில ஒண்ணு வாங்கிக்கலாம், விடு," என்றார் அக்கா புருஷன்.

"அம்மா செஞ்சதுதான் வேணும், சித்தி. பாதியா இருந்தாலும் பரவாயில்ல," என்றாள் மகள்.

அதில் கத்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே பிளாஸ்டரில் புதைத்துச் சூளையில் வைத்தேன். ஊற்றும்போது பிசகினால் போச்சு. இன்னொன்று செதுக்க அக்கா இல்லை.

மறுநாள் மதியம். விடிந்தால் கல்யாணம். பட்டறையில் நான் மட்டும்...

சர்... சர்...

மெழுகைக் கத்தியால் சுரண்டும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். அக்காவின் ஸ்டூல் காலி.

எலி என்று நினைத்தேன். சத்தம் வந்த இடத்தில் எலி உயிரோடு இருக்க முடியாது.

சூளைக்குள்ளிருந்து வந்தது.

"அக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

நின்றது.

சர்...

சூளைக் கதவைத் திறந்தேன். பழுக்கச் சிவந்த குழாய். வேறொன்றும் இல்லை. ஆனால் புது மெழுகின் வாசனை... எரிந்து முடிந்த அச்சில் வரவே கூடாத வாசனை.

ஓடியிருப்பேன். அச்சு ஆறினால் மோதிரம் கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு வெள்ளியை ஊற்றினேன்.

தண்ணீரில் முக்கினேன். புஸ்ஸ்ஸ்... பிளாஸ்டர் உதிர்ந்தது.

இரண்டு பக்கமும் இலை.

இலை நரம்பு முதற்கொண்டு... அக்காவின் கைவேலை.

கல்யாணத்துக்கு அக்கா வரவில்லை. "உடம்பு முடியல," என்றார் அக்கா புருஷன். மகள் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு, "அம்மாவே முடிச்சுட்டாங்களா சித்தி?" என்று அழுதாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மூன்றாம் நாள் அக்காவின் அண்ணன் வந்தார்.

"கல்யாணத்துக்கு முந்தின நாள் விடியக்காலையிலயே போயிட்டாம்மா. அவ புருஷனுக்கு உடனே சொன்னேன். கல்யாணம் முடியட்டும், யாருக்கும் சொல்லாதீங்கன்னுட்டார். நாங்களே எடுத்துட்டோம்."

குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"இன்னொண்ணும்மா... அன்னைக்குச் சாயங்காலம் குளிப்பாட்டும்போது அந்த மடங்கின வலது கை விரிஞ்சிருந்துச்சு. நகத்துக்கு அடியில பச்சையா என்னமோ அப்பியிருந்தது. கழுவக் கழுவப் போகல."

நாங்கள் செதுக்குகிற மெழுகு பச்சை. அக்காவின் அண்ணன் வீட்டில் அது ஒரு துணுக்குகூடக் கிடையாது.