சரிபார்ப்புச் சீட்டில் என் எண்

இப்போதும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க ஒரு நொடி தயங்குவேன். பிறகு சிரிப்பு வந்துவிடும். இரண்டுக்கும் காரணம் என் மகளின் சாப்பாட்டுப் பைகள்.

எங்கள் வீடு மல்காஜ்கிரியில், தெலுங்கும் இந்தியும் கலந்து பேசும் ஊரில். கணவருக்கு ரயில்வேயில் வேலை. எனக்கு பாலாநகரில், விமானங்களுக்கு மின்னணுக் கருவிகள் செய்யும் அரசு ஆலையில், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. மாதம் பிறந்தால் சம்பளம் என்பதைத் தவிர வேறு பிழைப்பை நாங்கள் அறிந்ததில்லை. அதனால் மகள் ஐடி வேலையை விட்டுவிட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கான சாப்பாட்டுப் பைகளை இணையத்தில் விற்கப் போகிறேன் என்றபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு பையிலும் அந்தந்தக் குழந்தையின் பெயரை நூலால் தைத்துத் தருவாள். எங்கள் தெருப் பெண்கள் இருவர் தைத்தார்கள். கடையோ பெயர்ப் பலகையோ கிடையாது. எல்லாம் அவள் கைபேசிக்குள்.

"ஜூன் வரைக்கும் பாரு. ஓடலேன்னா பேசாம வேலைக்குத் திரும்பிடணும்" என்றேன்.

"சரே அம்மா, லைட் தீஸ்கோ" என்றாள். நான் தமிழில் கவலைப்பட்டால் அவள் தெலுங்கில் அதை ஊதித் தள்ளுவாள்.

விற்பனைத் தளத்தின் விதி என்னைவிடக் கண்டிப்பானது. புகார்கள் சேர்ந்தால் அவளுடைய பக்கத்தையே எடுத்துவிடுவார்களாம். அதைக் கேட்ட நாளிலிருந்து அவளைவிட எனக்குத்தான் பயம் அதிகம்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முகவரி ஒட்டிய இருபத்தொரு பெட்டிகள் வரிசையாக இருந்தன. மகள் துணி வாங்க வெளியே போயிருந்தாள். கூரியர் வண்டி நான்கு மணிக்கு வரும். சரிபார்க்காமல் ஒரு பொருள் வாசல் தாண்டுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எல்லாப் பெட்டிகளையும் பிரித்தேன். பைகளைக் கட்டிலில் வரிசையாக அடுக்கி, தையலை இழுத்துப் பார்த்தேன். ஐந்தாவது பையில் கைப்பிடி லேசாக விட்டிருந்தது. அதை ஒதுக்கி வைத்து, மற்றவற்றைப் பெட்டிகளில் வரிசையாகப் போட்டுக்கொண்டே போனேன். பிறகு ஊசி எடுத்து ஒதுக்கியதைச் சரிசெய்து கடைசிப் பெட்டியில் வைத்தேன். ஆலையில் செய்வது போலவே, பெட்டிக்கொரு சீட்டு: 'சரிபார்த்தது', கீழே என் கையெழுத்து, என் கைபேசி எண்.

ஆலையில் ஒரு தொகுப்பில் வரும் கருவிகள் அத்தனையும் ஒன்றுபோல இருக்கும். ஒன்றைக் கழித்தால் அடுத்தது அதன் இடத்துக்கு வரும். இருபத்தைந்து வருடம் பழகிய கை அதைத்தான் செய்தது. இங்கே ஒவ்வொரு பைக்கும் ஒரு பெயர் உண்டு என்பது அதற்கு உறைக்கவில்லை.

புதன்கிழமை மாலை. எங்கள் ஆலைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். வேலை முடிந்து வாங்கிப் பார்த்தால் பதினொரு தவறிய அழைப்புகள். மகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கையிலிருக்கும்போதே மறுபடி அடித்தது.

"ஏனுங்க, சீட்டுல கையெழுத்துப் போட்டது நீங்கதானுங்களா?" கோயம்புத்தூர் அம்மா ஒருவர். "பை அருமையா இருக்குதுங்க. பேருதான் எங்க பாப்பாவோடது இல்லீங்க."

எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாவது பெட்டியிலிருந்து இருபத்தொன்று வரை, பதினேழு குழந்தைகளின் பெயர்களை நான் இடம் மாற்றி அனுப்பியிருக்கிறேன்.

வீட்டில் சொன்னபோது மகள் கத்தவில்லை. "நான் ஒட்டின பெட்டியைக் கைக்கு அம்மா பிரிச்சே? கைக்கு?" என்று மட்டும் கேட்டாள். இந்த ஊர் இந்தியில் 'கைக்கு' என்றால் 'ஏன்'; அந்தப் பேச்சு வந்துவிட்டால் அது அவள் கோபத்தின் உச்சம்.

"உங்க ஆலையில விமானத்துக்கும் இப்படித்தான் மாத்தி மாத்தி அனுப்புறீங்களா?" என்றார் கணவர். பிறகு மகளின் கைபேசியை வாங்கிப் பார்த்தார். "இங்க ஒரு புகாரும் காணோமே. திட்டணும்னு நெனச்சவங்க எல்லாரும் உங்கம்மாவுக்கே போன் பண்ணிட்டாங்க போல."

அவளை வேலைக்குத் திருப்பி அனுப்ப இதைவிட நல்ல சாக்கு எனக்குக் கிடைத்திருக்காது. அந்த நேரத்தில் அது நினைவுக்கே வரவில்லை. இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒவ்வொருவரிடமும் இருப்பது பட்டியலில் அடுத்தவருடைய பை. கடைசியாக இருந்தவரிடம் ஐந்தாமவருடையது. யாரும் எங்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம், பை நேரே உரியவருக்கே போகட்டும் என்றாள் மகள். எங்கள் கட்டிலில் உட்கார்ந்தபடியே பதினேழு வீட்டு வாசலுக்குக் கூரியர் ஆட்களை வரவழைத்தாள். நான் தமிழிலும் தெலுங்கிலும் உடைந்த இந்தியிலும் மன்னிப்புக் கேட்டேன்.

கோயம்புத்தூர்ப் பை இந்த ஊரிலேயே, பழைய நகரத்தில் ஒருவரிடம் இருந்தது. "கைக்கு பரேஷான் ஹோ ரே மேடம்?" என்று அவர் எனக்கே ஆறுதல் சொன்னார். சிக்கல் அவருடைய மகளிடம். இந்தப் பெயர்க்காரியைப் பார்க்காமல் பையைத் தர முடியாது என்று அடம். என் மகள் இரண்டு வீட்டாரையும் கேட்டு வீடியோவில் சேர்த்துவிட்டாள். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது, இந்தப் பிள்ளைக்கு இந்தி தெரியாது. இருவரும் விழுந்த பல்லின் ஓட்டையைக் காட்டி நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பை அன்றே கிளம்பிவிட்டது.

பள்ளி திறப்பதற்குள் பதினேழும் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தன. 'தப்பு நடந்தது. ஆனால் இங்கே போனை ஓர் அம்மா எடுக்கிறார்' என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார் ஒருவர். மகள் அதைப் படித்துக் காட்டியபோதுதான் இயல்பாக என்னோடு பேசினாள்.

இப்போது பைக்குள்ளேயே ஆர்டர் எண்ணைத் தைத்துவிடுகிறாள். ஒட்டுவதற்கு முன்னால் பெட்டிகள் என்னிடம் வரும். சீட்டிலிருந்து என் எண்ணை எடுத்துவிடலாமா என்றேன்.

"நக்கோ அம்மா, வேணாம். அதுதான் நம்ம கடைக்குப் பலகை."

ஜூன் முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் நான் வைத்த கெடு ஞாபகம் வந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். கைபேசி அடித்தது, தெரியாத எண். எடுக்கத் தயங்கினேன்.

"எடும்மா, உனக்குத்தான்" என்றாள் மகள், தமிழில்.