ஒன்பது விநாடி

தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். அவளுடைய பல்லில் குறை ஒன்றும் இல்லை. அடுத்தவர் வாய்க்குப் பல் செய்து கொடுப்பது அவள் தொழில். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டரை ஊற்றி, வாய்க்கு ஒரு நகல் எடுத்து, அதன்மேல் பல் செட்டைக் கட்டுவாள். நாலாவது மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் மேசை, மூலையில் வெந்நீர்த் தொட்டி. இருபத்திரண்டு வருஷத்தில் பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது செட்டுகள் அந்த மேசையிலிருந்து போயிருக்கின்றன.

பிளாஸ்டரை ஊற்றிவிட்டால் நாற்பத்தைந்து நிமிஷம் தொடக்கூடாது. முதலில் சூடேறும், பிறகு ஆறும். ஆறி இறுகிய பின்தான் அச்சைக் கழற்ற வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் அவளுக்குக் கவிதைப் பழக்கம் தொற்றிக்கொண்டது. முதலில் கதைப் புத்தகம்தான் படித்துப் பார்த்தாள். சரியாகக் கொலைகாரன் கதவைத் திறக்கும்போது கடிகாரம் மணி அடித்துத் தொலைக்கும். கவிதையில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரம் அதையே மென்றுகொண்டிருக்கலாம். வாரம் ஒரு புத்தகம் நூலகத்திலிருந்து எடுப்பாள். கவிதை அலமாரிப் பக்கம் அவளையும் சிலந்தியையும் தவிர யாரும் வருவதில்லை என்று நூலகர் சொல்வார்.

ஓட்டம் வந்தது நாற்பத்து மூன்றாம் வயதில், நாத்தனார் புண்ணியத்தில். நாத்தனார் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பவள்; கால் ஒரு இடத்தில் நிற்காது. இப்படிக் குனிந்தே உட்கார்ந்திருந்தால் அண்ணி சீக்கிரம் கேள்விக்குறி ஆகிவிடுவாள் என்று சொல்லி, ஒரு விடியற்காலையில் பூங்காவுக்கு இழுத்துப் போனாள். முதல் நாள் அரைச் சுற்றிலேயே நாக்குத் தள்ளியது. ஆறாவது மாதம் பன்னிரண்டு சுற்று. மூச்சு வாங்கும்போது மனப்பாடமான கவிதையை உள்ளுக்குள் சொல்லிக்கொண்டால் கால் ஒழுங்குக்கு வருவதை அவளே கண்டுபிடித்தாள். சின்னச் சின்ன வரிகள் காலைப் படபடக்க வைத்தன. நீள நீளமான வரிகள் மூச்சை விரித்துப் போட்டன.

ஊரில் வருஷத்துக்கு ஒரு முறை பத்து கிலோமீட்டர் ஓட்டம் நடக்கும். ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் நீல நாடாவில் பதக்கம். முடியாதவர்களுக்குச் சான்றிதழும் ஒரு வாழைப்பழமும். முதல் வருஷம் அவளுக்கு ஒரு மணி நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி ஆனது. இரண்டாம் வருஷம் ஒரு மணி ஒரு நிமிஷம் முப்பது விநாடி. மூன்றாம் வருஷம் ஒரு மணி ஒன்பது விநாடி.

ஒன்பது விநாடி. வழியில் ஓர் இடத்தில் நின்று மூக்கைச் சிந்தியது நினைவுக்கு வர, அன்று முழுவதும் அவள் யாரோடும் பேசவில்லை. கணவர் மட்டும், அடுத்த வருஷம் சளி பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நாலாம் வருஷம் வெறி பிடித்துவிட்டது. வாரம் ஏழு நாளும் காலையில் ஓட்டம். போதாதென்று பிளாஸ்டர் இறுகும் நேரத்தில் நாலு மாடியையும் ஏறி இறங்கினாள். கவிதைப் புத்தகம் மேசையில் கிடந்தது. அதன்மேல் பிளாஸ்டர் தூள் படிந்தது. இவ்வளவு செய்தும், ஓட்டத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஓடிப் பார்த்ததில் ஒரு மணி இரண்டு நிமிஷம் ஆனது. கால் ஓய்வு கேட்கிறது, செவ்வாயும் வெள்ளியும் ஓடாதீர்கள் என்றாள் நாத்தனார். நாத்தனார் சொன்னதை முதல் தடவையிலேயே கேட்ட அண்ணி எங்கே இருக்கிறாள்? பல்லக்கா சாயங்கால ஓட்டம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள்.

அந்த வாரம்தான் ஏலக்காரரின் அச்சு வந்தது. மேல்வரிசையில் முன்பற்கள் போய், ஏலத்தில் தொகை கூவினால் காற்றுத்தான் வந்தது அவருக்கு. அச்சுத் தட்டு வாய்க்குள் போனாலே குமட்டும் ஆள்; மூன்று முறை துப்பி நாலாவது முறைதான் டாக்டருக்குச் சரியான அச்சு கிடைத்தது. பல்லக்கா அதில் பிளாஸ்டரை ஊற்றினாள், மாடிப்படியில் ஆறு தடவை ஏறி இறங்கினாள், சீக்கிரம் கிளம்பினால் கூடுதலாக இரண்டு சுற்று ஓடலாமே என்று அச்சைக் கழற்றினாள். நகல் இரண்டாக உடைந்தது. பாதி அச்சோடு ஒட்டிக்கொண்டது. அச்சும் கிழிந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஆனதே இல்லை.

மறுபடி வாயைத் திறக்கச் சொல்லி அவரிடம் கேட்கிற வேலை தன்னால் ஆகாது, நீங்களே வந்து கேளுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பல்லக்கா போனாள். ஏலக்காரர் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை நிமிஷம் விட்டிருக்கணும்?"

"நாற்பத்தஞ்சு."

"எத்தனை விட்டீங்க?"

"இருபத்தாறு."

"அப்படி என்ன அவசரம்?"

"ஓடப் போகணும்னு."

"எங்கே?"

"பூங்காவைச் சுத்தி."

"சுத்திட்டு?"

"கிளம்பின இடத்துக்கே வந்துடுவேன்."

ஏலக்காரர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "எடுங்க டாக்டர். தப்பை இவ்வளவு சுத்தமா யாரும் ஒத்துக்கிட்டு நான் பார்த்ததில்லை." இந்த முறை ஒரே தடவையில் அச்சு கிடைத்தது. தட்டை வெளியே எடுக்கும்வரை அவர் அவளை முறைத்தபடியே இருந்தார்.

அன்று பிற்பகல் இரண்டு பத்துக்கு ஊற்றியவள் இரண்டு ஐம்பத்தைந்து வரை நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. புத்தகத்தின் தூளை ஊதிவிட்டுப் பிரித்தாள். சுவரில் சாய்த்த ஏணியை யாரோ எடுக்க மறந்துபோனது பற்றிப் பதினோரு வரிக் கவிதை. முதல் தடவை கண் வரிகளின் மேல் ஓடிவிட்டது, ஒன்றும் ஏறவில்லை. இரண்டாவது தடவை ஏணி தெரிந்தது. மூன்றாவது தடவையில், ஏறுகிறவர் யாரும் இல்லாத ஏணியும் சும்மா இருக்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பது தெரிந்து சிரித்துவிட்டாள். இத்தனை நாள் எதைத் துரத்திக்கொண்டு இதையெல்லாம் விட்டோம் என்று யோசித்தபடியே தூங்கிப்போனாள். மணி அடித்துத்தான் எழுந்தாள்.

செவ்வாயும் வெள்ளியும் ஓட்டம் நின்றது. ஆனால் ஓய்வெடுப்பது அவ்வளவு சுலபமாகக் கைவரவில்லை. முதல் செவ்வாய்க்கிழமை கணவர் வீடு திரும்பியபோது அவள் முக்காலி மேல் நின்று மின்விசிறி துடைத்துக்கொண்டிருந்தாள். தரை கழுவியாகிவிட்டது. திரைச்சீலைகள் கொடியில் தொங்கின.

"ஓய்வுன்னு சொன்னியே?"

"ஓடலையே."

"இறங்கு முதல்ல."

அவர் முக்காலியைக் கொண்டுபோய் அறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேறு வழியில்லாமல் அவள் கட்டிலில் கால் நீட்டினாள். மூன்றாவது வாரத்தில் அது பிடித்துப்போனது; கால் நீட்டும் நேரத்தில் யாராவது கதவைத் தட்டினால் எரிச்சல் வந்தது.

ஓட்டத்தன்று வானம் மூடியிருந்தது. நாத்தனார் ஆரம்பத்திலேயே முன்னால் போய்விட்டாள். பல்லக்கா யாரையும் துரத்தவில்லை. நீள வரிக் கவிதை ஒன்றை மூச்சில் விரித்துக்கொண்டு ஓடினாள். ஐந்தாவது கிலோமீட்டரில் முப்பது நிமிஷம் பத்து விநாடி. பின்தங்கித்தான் இருந்தாள். போன வருஷம் இந்த இடத்தில் கால் கல்லாகக் கனத்தது; இந்த முறை இன்னும் ஓடு என்று கேட்டது. எட்டாவதில் மேடு வந்தது. சின்ன வரிகளுக்கு மாறினாள். மேட்டின் உச்சியில் கவிதை தீர்ந்துபோய், வெறும் மூச்சும் காலும் மட்டும் மிஞ்சின.

ஐம்பத்து மூன்று நிமிஷத்தில் ஓடி முடித்திருந்த நாத்தனார் கோட்டின் அருகே நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். பலகையில் எண் ஓடிக்கொண்டிருந்தது. பல்லக்கா கோட்டைத் தாண்டும்போது அது ஐம்பத்தொன்பது நிமிஷம் நாற்பத்தேழு விநாடி. தன் கைப்பேசியில் நாற்பத்தாறுதான் என்று கணவர் யாரோ ஒருவரிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

நீல நாடா கழுத்தில் விழுந்தது. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படம் எடுப்பவர் காத்திருக்கிறார், முகத்தைக் கழுவிக்கொண்டு வாங்க அண்ணி என்று கையைப் பிடித்து இழுத்தாள். பல்லக்கா கையை விடுவித்துக்கொண்டு, புல்தரையில் அப்படியே மல்லாந்து கால் நீட்டினாள்.

"பத்து நிமிஷம் கழிச்சு வரச் சொல்லு. இப்ப எனக்கு வேலை இருக்கு."