சிவப்பு உறையில் இருக்கும் மரம்

நடுரோட்டில் கிடக்கும் திருஷ்டி எலுமிச்சம்பழத்தை மிதித்துவிட்டு அதே காலோடு வேலைக்குப் போகிறவள் நான். ஆஸ்டின் டவுனில் எங்கள் சந்தில் யாருக்காவது காற்று கருப்பு அடித்துவிட்டது என்றால் முதலில் சிரிப்பது நான்தான், காய்ச்சல் மாத்திரை வாங்கி வந்து கொடுப்பதும் நான்தான். இந்த விஷயத்தை என் வீட்டுக்காரரே நம்பவில்லை, நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது, ஆனால் பாதியில் குறுக்கே பேசாதீர்கள்.

தொண்ணூறுகளில் நான் பெங்களூரில் ஒரு தாவர ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தேன். காட்டிலிருந்து வருகிற கிளைகளை நியூஸ்பேப்பருக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்து, பூச்சி அரிக்காமலிருக்க மருந்தில் முக்கி எடுத்து, கெட்டி வெள்ளைத் தாளில் ஊசி நூலால் தைப்பது என் வேலை. தாளின் கீழே வலது மூலையில் ஒரு சீட்டு ஒட்டுவோம், அதில் செடியின் பெயர், கிடைத்த இடம், எடுத்தவர் யார் என்று இருக்கும். செத்த செடிக்குச் சட்டை தைக்கிறாள் என்று என் நாத்தனார் கிண்டல் செய்வாள்.

எனக்கு மேலே இருந்தவர் ரகுநாதன் சார். மைசூர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்த பழைய தமிழ்க் குடும்பம், பாதிப் பேச்சு கன்னடம், பாதி தமிழ். நல்ல மனுஷர், ஆனால் முன்கோபி. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிட்டவர், புற்றுநோயில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஆறு வயதில் ஒரு பையன். அந்தச் சமயத்தில்தான் சாருக்கு மலைக்காட்டில் இந்த மரம் கிடைத்தது. உலகத்தில் யாரும் இதுவரை பார்த்து எழுதாத மரம். புது மரம் என்று நிரூபித்தால் பெயர் வைக்கிற உரிமை அவருக்கு, அந்த முதல் தாளைச் சிவப்பு உறையில் போட்டுப் பூட்டிவைப்பார்கள், நூறு வருஷம் ஆனாலும் அந்தப் பெயர் நிற்கும். மனைவி பெயரை வைக்கப்போகிறேன் என்று சொன்னார். பெண்டாட்டிக்கு இதைவிட வேறென்ன செய்துவிட முடியும் என்று நான் அன்றைக்கு அழுதேகூட விட்டேன்.

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். மறுநாள் கட்டுரையை அனுப்பியாக வேண்டும் என்று சார் என்னை வரச் சொன்னார், கட்டிடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். கிளையைத் தாளில் வைத்ததுமே எனக்கு ஏதோ பிடிக்கவில்லை. நம்மைப் பிடிக்காத வீட்டில் போய் உட்கார்ந்தால் ஒரு மாதிரி இருக்குமே, அந்த மாதிரி. மூன்று ஊசி ஒடிந்தது. பத்தாயிரம் செடி தைத்த கை இது, ஒரே நாளில் மூன்று ஊசி ஒடித்ததில்லை.

எப்படியோ தைத்து முடித்தேன். சார் டைப் அடித்துக் கொடுத்த சீட்டை ஒட்டி, மேலே மணல் மூட்டையைப் பாரமாக வைத்துவிட்டு இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். சாப்பிட்டுவிட்டு வந்து மூட்டையை எடுத்தால், சீட்டில் அந்த அக்காவின் பெயர் இருந்த இடம் மட்டும் கரிக்கட்டையால் தேய்த்தது போல் கறுத்திருந்தது. மற்ற எழுத்து எல்லாம் சுத்தமாக இருந்தது.

பசைதான் சரியில்லை என்று சார் இன்னொரு சீட்டு அடித்தார். அதையும் ஒட்டி, பாரம் வைத்து, நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மறுபடியும் அதே கதை. மூன்றாவது சீட்டுக்குப் பாரமே வைக்கவில்லை, இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். நம்புங்கள், நம்பாமல் போங்கள், காகிதத்துக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒரு பால் ஊறி வந்து கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனது. தாளின் மேல்பக்கம் இருந்த கிளை எலும்பு மாதிரி உலர்ந்திருந்தது, அதற்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. சார் பதறிப்போய்ப் பெயரைக் கட்டைவிரலால் மூடினார், உடனே கையை உதறினார், விரல் நுனியில் கொப்புளம். அறை முழுக்கப் பச்சை மரத்தை அறுத்த வாசனை, மூச்சு முட்டியது.

சார் சேரில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"மரம் காத்துல விழுந்துச்சுன்னு சீட்டுல போட்டிருக்கேன். இல்ல வசந்தா. நான்தான் வெட்டச் சொன்னேன்."

பூ இல்லாமல் புது மரம் என்று நிரூபிக்க முடியாது, பூவோ எண்பது அடி உயரத்தில். தேன் எடுக்க மரம் ஏறுகிற ஆளைக் கூட்டிப்போனாராம், அவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, இதில் நான் ஏற மாட்டேன், ஒரு மாதம் பொறுங்கள், தானே உதிர்க்கும் என்றானாம். சாருக்கு லீவு பத்து நாள்தான். மரத்தடியில் நாற்பது கன்று நின்றது, வாரிசு இருக்கிறதே என்று தைரியமாக வெட்டச் சொல்லிவிட்டார். ஊருக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் கன்றின் இலை ஓரத்தில் நுணுக்கமாகப் பல் பல்லாக இருக்கிறது, மரத்தின் இலையில் அது இல்லை. கன்றெல்லாம் வேறு மரத்துடையது. இலையைப் பார்த்தே குலம் கோத்திரம் சொல்கிறவர், அவசரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை இதன் பிள்ளைகள் என்று நினைத்துவிட்டார். அந்த இனத்தில் அவர் கண்ணில் பட்டது அந்த ஒரே மரம்தான்.

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்.

"ஒண்ண சாகடிச்சிட்டு அதுக்குப் போய் அக்கா பேர வெக்கிறீங்களா சார்?"

அவர் எழுந்துபோய் அந்தக் கிளைமேல் உள்ளங்கையை வைத்தார். அதனிடம்தான் பேசினார்.

"அவ பேரு இதுல நிக்கணும். அதுக்கு உனக்கு என்ன வேணுமோ எடுத்துக்கோ."

நாலாவது சீட்டு அடித்தார். காற்றில் விழுந்த மரம் என்ற பொய்யையும் சேர்த்துத்தான் அடித்தார். பசை தடவி ஒட்டியது என் கை. கறுக்கவில்லை. வாசனையும் போய்விட்டது. சார் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார், நானும் அப்பாடா என்று பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். கட்டுரை அச்சில் வந்தது, பெயர் நின்றது.

அக்காவின் வருஷ திதி வந்தது. அன்றைக்கு மத்தியானம் சார் பஞ்சகச்சத்தோடு, ஈரத் தலையோடு நேராக என் மேஜைக்கு வந்து நின்றார். திதி கொடுக்கும்போது சாஸ்திரிகள் யாருக்கு என்று பெயர் கேட்டிருக்கிறார். இவருக்கு வரவில்லை.

"வசந்தா, அவ பேரு என்ன?"

துக்கத்தில் தடுமாறுகிறார் என்று நினைத்து, சொல்வதற்கு வாயைத் திறந்தேன். வரவில்லை. நாலு வருஷம் பெயர் சொல்லி அக்கா என்று கூப்பிட்டவள் நான். அவர் முகம் வருகிறது, குரல் வருகிறது, அவர் டப்பாவில் கொண்டுவரும் பிசிபேளா பாத்தின் ருசிகூட நாக்கில் வருகிறது, பெயர் மட்டும் இல்லை. ஓடிப்போய் அலமாரியைத் திறந்து சிவப்பு உறையைப் பிரித்தோம். பளிச்சென்று இருந்தது. இரண்டு பேரும் சத்தமாக வாசித்தோம். உறையை மூடினோம், போய்விட்டது. அன்றைக்கு எத்தனை தடவை திறந்து மூடினோம் என்று எனக்குக் கணக்கில்லை, கடைசியில் நான்தான் போதும் சார் என்று அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

அதற்குப் பிறகு சார் காட்டுக்குப் போகவே இல்லை. ஒன்பது வருஷம் கழித்துத் தவறிவிட்டார். பையன் அப்போது பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தான், பதிமூன்றாம் நாள் கார்டு அடிக்கிற இடத்திலிருந்து எனக்குப் போன் செய்தான்.

"ஆன்ட்டி, கார்டுல அம்மா பேரு போடணும். எனக்கு என்னமோ சட்டுனு வர மாட்டேங்குது. நீங்க சொல்றீங்களா?"

பெற்ற பிள்ளை. அலமாரிக்கு எதிரில் நின்று, உறையைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, செல்போனில் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவன் ஒவ்வொரு எழுத்தையும் அச்சகத்துக்காரரிடம் திருப்பிச் சொன்னது என் காதில் விழுந்தது.

கார்டு வந்தது. காலஞ்சென்ற திருமதி என்று இருக்கிறது. பிறகு ஒரு விரல் அகலத்துக்கு வெறும் இடம். பிறகு, அவர்களின் கணவர் என்று இருக்கிறது. பதிமூன்றாம் நாள் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன், அக்காவின் கூடப்பிறந்தவர்கள் உட்பட நூறு பேர் அந்தக் கார்டைக் கையில் வைத்திருந்தார்கள், ஒருத்தர்கூட இது என்ன என்று கேட்கவில்லை.